நிறுவு

வினைச்சொல். 'நில்' என்னும் வேரின் பிறவினை: நிற்கச் செய், நிலைபெறச் செய். வடலூரில் வள்ளலார் 1867-இல் தருமச்சாலையை நிறுவினார். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் நிறுவப்பட்டது. கடலூர் மாவட்ட வரலாற்றைப் புரட்டினால் இச்சொல் அடிக்கடி தட்டுப்படும். ஒரு கூற்றை மெய்யெனக் காட்டுவதும் நிறுவுதலே.

கணினிக்கு இது பின்னால் வந்தது. பேச்சில் இன்னும் 'இன்ஸ்டால் பண்ணு'தான். அந்த ஆங்கிலச் சொல்லின் லத்தீன் மூலம், குருமாரைப் பதவி இருக்கையில் அமர்த்துவதைக் குறித்தது. எனக்குத் தமிழ்ச்சொல்லே மேலாகப் படுகிறது. எடுத்துக்காட்டாக, 'ஸ்கைரிம்' (2011) கணினி ஆட்டத்தில் ஒரு மாட் (ஆட்டத்தை மாற்றியமைக்கும் துணைநிரல்) கோப்பைக் கோப்புறையில் போட்டால் அது அமர்ந்துவிடும். நிற்குமா என்பது வேறு கதை. அது சார்ந்திருக்கும் மூலக்கோப்பு இல்லையென்றால் ஆட்டம் தொடங்கும்போதே மூடிக்கொள்ளும். இரண்டு மாட்கள் ஒரே பாத்திரத்தில் கைவைத்தால், ஏற்றப்படும் வரிசையில் பிந்தியதே வெல்லும். முந்தியது கோப்புறையில் இருந்தும் பயனில்லை. ஆட்டத்துக்குப் புதுப்பிப்பு வந்தால், பழைய பதிப்பை நம்பிய துணைநிரல்கள் படுத்துவிடும்.

உடன்பிறப்புச் சொல்: நிறுத்து. 'நில்' என்பதற்கு ஊன்றி இருத்தல், ஓடாதிருத்தல் என இரு பொருளும் உண்டு. ஆகவே, 'மாட் நிக்கல, கேம் நின்னுபோச்சு' என்று ஒருவர் புலம்பினால் இலக்கணப்படி குற்றமில்லை.

எதிர்ச்சொல்லாக மென்பொருள்களில் காணப்படும் 'நிறுவல் நீக்கு' கொஞ்சம் முரடு. 'அகற்று' போதும்.