மருத்துவ ஆய்வில் புள்ளியியல்: முறைகளும் சறுக்கல்களும்

ஒரு மருந்தோ தடுப்பூசியோ அறுவை சிகிச்சையோ உண்மையில் பலன் தந்ததா, அல்லது நோய் தானாகவே தணிந்ததா என்பதை எண்களைக் கொண்டு பிரித்தறியும் துறை மருத்துவப் புள்ளியியல். ஒரே நோய் எல்லோரிடமும் ஒரே மாதிரி போவதில்லை. மருந்தே இல்லாமல் பிழைத்தவர்களும் உண்டு. நல்ல மருந்து சாப்பிட்டும் இறந்தவர்களும் உண்டு. ஆகவே, எவ்வளவு தேர்ந்த மருத்துவராக இருந்தாலும் அவருடைய அனுபவம் மட்டும் சாட்சியாகப் போதாது. இத்துறையின் வரலாற்றில் நேர்ந்த பெரும் பிழைகளில் மிகச் சிலவே கணக்கில் நேர்ந்தவை. யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், எதை எப்போது எண்ணினார்கள், எதை வெளியிடாமல் விட்டார்கள் என்னும் மூன்று இடங்களில்தான் மற்றவை நேர்ந்தன. இன்று ஆய்வாளர்கள் பின்பற்றும் விதிகள் பலவும் அப்படி ஒரு பிழைக்குப் பிறகு வந்தவை.

எண்ணத் தொடங்கிய காலம்

1747-இல் பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலான சாலிஸ்பரியில் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் லிண்ட், ஸ்கர்வி நோய் கண்ட 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராக ஆறு பிரிவாக்கினார். எல்லோருக்கும் ஒரே இடம், ஒரே உணவு. கூடுதலாக ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மருந்து: வினிகர், கடல்நீர், ஆப்பிள் மது என்று வெவ்வேறாகக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் சாப்பிட்ட இருவர் சில நாட்களிலேயே தேறினர். நோயாளிகளின் நிலை ஒத்திருக்க வேண்டும், சிகிச்சை மட்டும் மாற வேண்டும் என்ற அடிப்படை இந்தச் சிறு சோதனையிலேயே இருக்கிறது.

பாரிஸில் பியர் லூயி 1835-இல் வெளியிட்ட நூல், அன்றைய மருத்துவத்தின் பெரும் நம்பிக்கையான இரத்தம் வடித்தலைக் கணக்குப் பார்த்தது. நிமோனியா கண்ட 77 பேரில், நோயின் தொடக்க நாட்களிலேயே இரத்தம் வடிக்கப்பட்ட 41 பேரில் 18 பேர் இறந்திருந்தனர். தாமதமாக வடிக்கப்பட்ட 36 பேரில் இறந்தவர்கள் 9 பேர். முதல் பிரிவினரின் சராசரி வயது சற்றுக் கூடுதல் என்பதையும் லூயி கவனித்துக் குறித்தார். ஒப்பீட்டைக் குலைக்கும் மறைகாரணியைத் தேடும் பழக்கத்துக்கு இது ஒரு முன்மாதிரி.

1854-இல் லண்டனில் காலரா பரவியபோது, ஜான் ஸ்னோ இரண்டு குடிநீர் நிறுவனங்களின் வாடிக்கையாளர்களை ஒப்பிட்டார். ஒரே தெருவில் அடுத்தடுத்த வீடுகள் வெவ்வேறு நிறுவனத்திடம் தண்ணீர் வாங்கின; ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடும் இல்லை. கழிவு கலந்த தேம்ஸ் நீரைத் தந்த நிறுவனத்தின் வீடுகளில் 10,000-க்கு 315 சாவுகள். நகருக்கு மேலே தூய பகுதியில் நீரெடுத்த நிறுவனத்தின் வீடுகளில் 37. காலராக் கிருமியை ராபர்ட் காக் அடையாளம் காட்டுவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முன்பே, நோய் தண்ணீரில் வருகிறது என்பதற்கான வலுவான சான்று கிடைத்துவிட்டது.

0.05 என்னும் கோடு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்துறைக்குக் கணித அடித்தளம் அமைந்தது. கார்ல் பியர்சன் 1900-இல் கை-வர்க்கச் சோதனையைத் தந்தார். டப்ளினில் கின்னஸ் மது ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், சிறிய மாதிரிகளுக்குரிய டி-சோதனையை 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் இருந்த ரொனால்ட் ஃபிஷர் 1925-இல் எழுதிய நூலின் வழியாக பி-மதிப்புக்கு 0.05 என்ற எல்லை ஆய்வாளர்களிடம் பரவியது.

அதிகம் தவறாகப் படிக்கப்படும் எண்ணும் பி-மதிப்பே. மருந்துக்கு எந்தப் பலனும் இல்லை என்று வைத்துக்கொண்டால், கையில் கிடைத்த அளவிலோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வேறுபாடு தற்செயலாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதையே பி-மதிப்பு சொல்கிறது. ‘மருந்து வீண் என்பதற்கு 5 சதவீத வாய்ப்பு’ என்று அதற்குப் பொருள் இல்லை. பலன் பெரியதா சிறியதா என்பதையும் அது சொல்லாது. பலனே இல்லாத ஒரு மருந்தை 20 தனித்தனிக் கேள்விகளால் சோதித்தால், ஒன்றிலாவது 0.05-க்குக் கீழே விடை வர ஏறத்தாழ 64 சதவீத வாய்ப்பு இருக்கிறது. இத்தகைய தவறான வாசிப்புகள் பெருகியதால், அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016-இல் பி-மதிப்பின் பயன்பாடு பற்றி ஓர் அறிக்கையே வெளியிட வேண்டியிருந்தது.

உறைக்குள் இருந்த முடிவு

நோயாளிகளை ஒருவர் விட்டு ஒருவராகவோ ஒருநாள் விட்டு ஒருநாளாகவோ பிரிப்பது தொடக்கத்தில் போதுமானதாகத் தோன்றியது. கோபன்ஹேகனில் யோஹானஸ் ஃபிபிகர் 1898-இல் வெளியிட்ட தொண்டை அடைப்பான் ஆய்வு அப்படித்தான் நடந்தது. சீரம் பெற்ற 239 பேரில் 8 பேரும், பெறாத 245 பேரில் 30 பேரும் இறந்தனர். ஆனால் இந்த முறையில் ஓர் ஓட்டை உண்டு. அடுத்த நோயாளிக்கு எந்தச் சிகிச்சை என்பது மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். நிலைமை மோசமான ஒருவரை மறுநாள் சேர்த்துக்கொள்ளலாம் என்று அவர் நல்லெண்ணத்தோடு நினைத்தாலே ஒப்பீடு கெட்டுவிடும்.

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் இந்த ஓட்டையை அடைத்தார். பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் ஸ்ட்ரெப்டோமைசினைக் காசநோய்க்குச் சோதித்தபோது, யாருக்கு மருந்து என்பதைச் சமவாய்ப்பு எண்களே முடிவு செய்தன. முடிவுகள் மூடி முத்திரையிட்ட உறைகளுக்குள் இருந்தன. ஒரு நோயாளி ஆய்வில் சேர்க்கத் தகுந்தவர் என்று தீர்மானித்த பிறகே அவருக்கான உறை பிரிக்கப்பட்டது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு அது எந்தப் பிரிவினரின் படம் என்பது தெரியாது. மருந்து அப்போது பிரிட்டனில் மிக அரிதாகவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க வழியில்லாத நிலையே குலுக்கலுக்கு நியாயமும் தந்தது.

1948-இல் முடிவு வெளியானது. ஆறு மாதத்தில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்திருந்தனர். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இந்த இடைவெளி பெரும்பாலும் மறைந்துவிட்டது: இறந்தவர்கள் முறையே 32 பேர், 35 பேர். கிருமிகள் அந்த ஒற்றை மருந்துக்குப் பழகிவிட்டிருந்தன. காசநோய்க்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பாடத்திலிருந்து வந்தது.

சென்னையும் செங்கல்பட்டும்

குலுக்கல் முறையின் மிகப் பயனுள்ள சோதனைகளில் ஒன்று சென்னையில் நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வுக் கழகம் ஆகியவை சேர்ந்து 1956-இல் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் தொடர்ச்சி. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்து ஓய்வும் சத்துணவும் தந்தால்தான் குணமாகும் என்பது அன்றைய நம்பிக்கை. இந்தியாவிலோ அதற்கான படுக்கைகள் இல்லை.

நோய் முற்றியவரைச் சானடோரியத்துக்கும் மற்றவரை வீட்டுக்கும் அனுப்பியிருந்தால் ஒப்பீட்டுக்கே பொருளிருந்திருக்காது. ஆகவே 193 நோயாளிகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டு, இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்துகள் தரப்பட்டன. வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான குடியிருப்புகளில், குறைந்த உணவோடு வாழ்ந்தவர்கள். மருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்று சோதித்தார்கள். வீட்டுச் சிகிச்சையும் ஏறத்தாழ அதே அளவு பலன் தந்தது என 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று ஆபத்து கூடவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கிய பிசிஜி தடுப்பூசி ஆய்வு வேறு பாடம் சொன்னது. 2,80,000-க்கும் மேற்பட்டவர்கள் தடுப்பூசியோ மருந்தில்லா ஊசியோ போட்டுக்கொண்டனர். எது எவருக்குப் போனது என்பது போட்டவர்களுக்கும் போட்டுக்கொண்டவர்களுக்கும் தெரியாது. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் ஏறக்குறைய 80 சதவீதப் பாதுகாப்பு தந்த அதே தடுப்பூசி, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இங்கே தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் அறிக்கை 1999-இல் வந்தபோதும் முடிவு அதுவே. குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் போன்ற கடும் வகைக் காசநோயிலிருந்து காப்பதால் பிசிஜி இன்றும் போடப்படுகிறது. ஓரிடத்தில் ஒழுங்காக நடந்த ஆய்வின் முடிவைக்கூட வேறு மண்ணுக்கு அப்படியே பெயர்க்க முடியாது என்பதற்குச் செங்கல்பட்டு நிலையான சான்றாகிவிட்டது.

குலுக்கல் இயலாதபோது

மனிதர்களைக் குலுக்கலில் பிரித்துப் புகைபிடிக்கச் சொல்ல முடியாது. ரிச்சர்ட் டாலும் ஹில்லும் 1950-இல் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் பிற நோயாளிகளையும் புகைப்பழக்கத்தில் ஒப்பிட்டனர். அடுத்த ஆண்டு, ஏறத்தாழ 40,000 பிரிட்டிஷ் மருத்துவர்களின் புகைப்பழக்கத்தைக் கேட்டறிந்து, பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினர். புகைக்கும் விருப்பத்தையும் புற்றுநோயையும் ஒரே மரபுக்கூறு தரலாமே என்று, புகையே காரணம் என்ற முடிவை ஃபிஷர் கடுமையாக எதிர்த்தார். சான்றுகள் குவிந்து அவர் வாதத்தைத் தோற்கடித்தன. ஆனாலும் அவர் எழுப்பிய மறைகாரணிக் கேள்வி இன்றும் ஒவ்வோர் ஆய்வும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

1986-இல் பிரிட்டனில் வெளியான சிறுநீரகக் கல் ஆய்வு மறைகாரணியின் வலிமையைக் காட்டும். திறந்த அறுவை சிகிச்சை 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, அதாவது 78 சதவீதம். சிறு துளையிட்டுக் கல்லை எடுக்கும் முறை 350 பேரில் 289 பேருக்கு வெற்றி, 83 சதவீதம். துளை முறையே மேல் என்று தோன்றும். கல்லின் அளவை வைத்துப் பிரித்தால் கதை மாறுகிறது. சிறிய கற்களில் திறந்த அறுவைக்கு 93 சதவீதம், துளைக்கு 87. பெரிய கற்களில் 73, 69. இரண்டிலும் திறந்த அறுவையே முன்னே நிற்கிறது. கடினமான பெரிய கற்கள் பெரும்பாலும் திறந்த அறுவைக்குப் போனதால், மொத்தக் கணக்கில் அது பின்தங்கியது. இதற்குச் சிம்சன் முரண் என்று பெயர்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கான ஹார்மோன் சிகிச்சை இதயத்தைக் காக்கும் என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. 16,608 அமெரிக்கப் பெண்களைக் குலுக்கலில் பிரித்த ஆய்வு, தீமையே கூடுதல் என்று கண்டு 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஹார்மோன் எடுத்துக்கொண்டவர்கள் பொதுவாகவே வசதியும் உடல்நலப் பேணலும் மிக்கவர்கள் என்பது முந்தைய ஆய்வுகளை ஏமாற்றிய காரணங்களுள் ஒன்று.

எதை எண்ணுவது, எப்படிச் சொல்வது

மாரடைப்புக்குப் பின் இதயத்துடிப்பு ஒழுங்கு தவறுவது ஆபத்தின் அறிகுறி. அதைச் சீராக்கினால் சாவு குறையும் என்று மருத்துவர்கள் நம்பினர். என்கைனைடு, ஃப்ளெகைனைடு மாத்திரைகள் துடிப்பைச் சீராக்கவும் செய்தன. ஆனால் 1991-இல் வெளியான குலுக்கல் ஆய்வில், இம்மருந்துகள் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்திருந்தனர். மருந்தில்லா மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தவர்கள் 26 பேரே. அறிகுறியை எண்ணியவர்கள் உயிரை எண்ணத் தவறியிருந்தனர்.

1988-இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் நடந்த ஐசிஸ்-2 ஆய்வு, ஆஸ்பிரின் உயிர் காக்கும் என்று நிறுவியது. இதயநோய்ச் சாவு 11.8 சதவீதத்திலிருந்து 9.4 ஆகக் குறைந்தது. முடிவுகளைத் துணைப்பிரிவுகளாகவும் தரவேண்டும் என்ற கோரிக்கை வந்தபோது, அதன் ஆபத்தைக் காட்ட, ஆய்வை நடத்திய ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் நோயாளிகளை ராசிவாரியாகப் பிரித்துக் காட்டினர். மிதுன, துலாம் ராசிக்காரர்களுக்கு ஆஸ்பிரின் சற்றுத் தீங்கு போலவும், மற்ற ராசிகளுக்குப் பெரும் நன்மை போலவும் கணக்கு வந்தது. தரவைப் போதுமான அளவு கூறுபோட்டால் எந்த முடிவும் கிடைக்கும்.

எண்ணைச் சொல்லும் விதமும் தீங்கு செய்யும். 1995 அக்டோபரில், சில புதுவகைக் கருத்தடை மாத்திரைகள் இரத்த உறைவு ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று பிரிட்டனில் எச்சரிக்கை வந்தது. உண்மை அளவு, 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆனதே. அச்சத்தில் பலர் மாத்திரையை நிறுத்தினர். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்ததாக மதிப்பிடப்பட்டது.

வெளிவராத ஆய்வுகள்

அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பிடம் பதிவான 74 மனச்சோர்வு மருந்துச் சோதனைகளை, இதழ்களில் வெளியானவற்றோடு 2008-இல் ஓர் ஆய்வு ஒப்பிட்டது. சாதகமான 38-இல் 37 அச்சேறியிருந்தன. சாதகமற்ற 36-இல் 22 வெளியாகவே இல்லை. 11 சாதகமானவை போல எழுதப்பட்டிருந்தன. இதழ்களை மட்டும் படிக்கும் மருத்துவருக்கு 94 சதவீதச் சோதனைகள் வெற்றி; உண்மையில் 51 சதவீதம். சிறிய ஆய்வுகள், நெகிழ்வான அளவுகோல்கள், சார்புகள் எல்லாம் சேரும்போது வெளியாகும் முடிவுகளில் பெரும்பாலானவை பொய்யாகவே இருக்கக்கூடும் என்று ஜான் ஐயோனிடிஸ் 2005-இலேயே வாதிட்டிருந்தார்.

இதற்குத் தீர்வாக வந்தது முன்பதிவு. முதல் நோயாளியைச் சேர்க்கும் முன்பே எதை அளக்கப்போகிறோம் என்பதைப் பொதுவில் அறிவித்துவிட வேண்டும். இல்லையேல் வெளியிடமாட்டோம் என்று முன்னணி மருத்துவ இதழ்கள் 2005 முதல் நிபந்தனை விதித்தன. இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவகம் 2007-இல் தொடங்கி, 2009-இல் பதிவு கட்டாயமானது.

கொரோனாக் காலம்

2020-இல் இந்த வரலாறு முழுதும் சில மாதங்களுக்குள் மீண்டும் நடந்தது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து பற்றி லான்செட் இதழ் வெளியிட்ட பெரிய கண்காணிப்பு ஆய்வு, அடிப்படைத் தரவைச் சரிபார்க்க முடியாததால் ஜூன் மாதம் திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் பிரிட்டனின் ரெகவரி குலுக்கல் ஆய்வு டெக்சாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டின் பலனை அறிவித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் சாவு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகவும், ஆக்சிஜன் பெற்றவர்களின் சாவு 26.2-இலிருந்து 23.3 ஆகவும் குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடமோ பலன் தென்படவில்லை. மருந்து பெற்றவர்களில் 17.8 சதவீதமும் பெறாதவர்களில் 14 சதவீதமும் இறந்திருந்தனர். இது ராசிபலன் போன்ற பிரிவினை அன்று. மூச்சு உதவியின் அளவை வைத்துப் பார்ப்பதென்று முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டிருந்தது.

அந்த மூன்றாம் பிரிவின் எண்கள் பரவலாகப் போய்ச்சேரவில்லை. 2021-இன் இரண்டாம் அலையில் இந்தியாவில் ஆக்சிஜன் தேவைப்படாத பலர் வீட்டிலிருந்தே ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டனர். சர்க்கரை நோயோடு சேர்ந்து, தேவையற்ற ஸ்டீராய்டும் அந்த ஆண்டின் கருப்புப் பூஞ்சைத் தொற்றுக்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சுட்டிக்காட்டினர்.