நிலக்கரியை விட்டா வளர்ச்சி நின்னுடுமா?

"நிலக்கரியை நிறுத்தினா நாடு வளராது"ன்னு சொல்வாங்க. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன். அது சரியான்னு பார்க்க இன்னைக்கு பிரிட்டனுக்குப் போவோம்.

1882-ல் லண்டன் ஹோல்பர்ன் வயடக்ட் பகுதியில், பொதுமக்களுக்காக உலகின் முதல் நிலக்கரி மின்நிலையம் ஓட ஆரம்பிச்சது. 142 வருஷம் கழிச்சு, 2024 செப்டம்பர் 30 அன்று, அந்த நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையமான ராட்கிளிஃப் மூடப்பட்டது.

2012-ல்கூட அங்கே சுமார் 40 சதவீத மின்சாரம் நிலக்கரியில் இருந்துதான் வந்தது. அடுத்த வருஷமே கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வெச்சாங்க. நிலக்கரி கட்டுப்படியாகாமப் போச்சு. அந்த இடத்துக்கு இயற்கை எரிவாயுவும், கடலில் நட்ட காற்றாலைகளும் வந்தன. 1990-ஐ விட இப்போ உமிழ்வு பாதிதான். அதே காலத்தில் பொருளாதாரம் சுமார் 80 சதவீதம் வளர்ந்திருக்கு.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. அவங்க வாங்குற துணியும் போனும் பெரும்பாலும் வேற நாட்டில் தயாராகுது. அந்தப் புகை தயாரிக்கிற நாட்டோட கணக்கில்தான் ஏறுது. அதையும் சேர்த்துப் பார்த்தா குறைஞ்சது இவ்வளவு பெருசு இல்ல. ஆனாலும் குறைஞ்சது நிஜம்.

அதனால இனிமே யாராவது "வளர்ந்தோம், புகையையும் குறைச்சோம்"னு சொன்னா, நான் கைதட்டுவேன். கூடவே, "இறக்குமதியையும் சேர்த்து எண்ணினீங்களா?"ன்னும் கேட்பேன்.