சாமானியரின் சங்கீத சாதனங்கள்

இல்லத்தில் அமர்ந்து உயர்தரமான இசையைக் கேட்பது தனவந்தரின் பாக்கியம் என்று அமெரிக்காவில் கருதப்பட்டு வந்த காலத்தில், கீழ்ஸ்தாயி நாதத்தைப் பிழையின்றி எழுப்புவதற்குப் பீரோ போன்ற பெட்டி வேண்டும் என்ற எண்ணத்தை, 1954-ஆம் ஆண்டில் எட்கர் வில்ச்சர் என்பவர் மாற்றிக் காட்டினார். காற்றுப் புகாதபடி மூடிய சிறு பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே ஸ்பிரிங்காக்கி, ஒலிபெருக்கியின் கூம்பை அதன்மீது இயங்கச் செய்ததே அவர் கண்ட உபாயம்.

ஆயினும், எளியோருக்கு அதனினும் பெரிய உபகாரம் செய்தது, பிலடெல்பியாவில் டேவிட் ஹாஃப்லரின் டைனகோ நிறுவனம் 1959-இல் வெளியிட்ட ஸ்டீரியோ 70 என்னும் வால்வு ஆம்ப்ளிஃபையரே என்பேன். பக்கத்துக்கு 35 வாட் சக்தியுள்ள அந்தச் சாதனத்தை, பாகங்களாகவே சுமார் 100 டாலருக்கு வாங்கி, உடன்வந்த விளக்கப் புத்தகத்தைப் பார்த்து, ஈயம் உருக்கிப் பற்றவைக்கத் தெரிந்த எவரும் வீட்டு மேஜையிலேயே பூர்த்தி செய்துகொள்ள முடிந்தது. இவ்வாறு 3 லட்சத்துக்கும் மேற்பட்டவை விற்பனையாயின. பின்னர் டிரான்ஸிஸ்டர் வந்தது. வால்வுகள் பரணுக்குச் சென்றன.

இன்று அவற்றை மீண்டும் இறக்குவோர் வால்வின் இனிமையைப் புகழ்கிறார்கள். அவ்வினிமையில் ஒரு பகுதி வால்வு சேர்க்கும் சிறு விகாரமே என்றாலும், காது அதை விரும்புகிறதென்றால் விஞ்ஞானம் என்ன செய்யும்! ஆனால், வாங்கியவுடன் மின்சாரம் பாய்ச்சிவிடாதீர்கள்: உள்ளே 400 வோல்ட்டைத் தாண்டும் அழுத்தம் உண்டு, பழைய கண்டென்ஸர்களை விஷயமறிந்த ஒருவரிடம் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.