மூலப் பக்கம் யாருடையது? சித்திரக்கதை ஓவியச் சந்தையும் பெங்களூர்த் தமிழ்ச் சூழலும்

1. சிக்கலும் கருதுகோளும்

பெங்களூர் கண்டோன்மென்ட் 1809இல் உருவானது. 1898இல் பரவிய பிளேக் நோய்க்குப் பிறகு அதன் நெரிசல் மிகுந்த தெருக்களிலிருந்து மக்கள் வெளியேற, கிழக்கிலும் வடக்கிலும் புதிய குடியிருப்புகள் எழுந்தன. காக்ஸ் டவுன், ஃப்ரேசர் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன் ஆகியவை இந்த விரிவாக்கத்தில் வளர்ந்தவை. பட்டாளத்துக்கும் ரயில்வேக்கும் கட்டட வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. தமிழ் வார இதழும் மாத நாவலும் காமிக்ஸும் இவ்வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. தொடர்கதையைக் கிழித்தெடுத்து பைண்டு செய்து வைக்கும் பழக்கம் தமிழ் வாசிப்பு பரவிய இடமெங்கும் உண்டு. பழைய முத்து, லயன், ராணி காமிக்ஸ் இதழ்களைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்களும் அந்தப் பழக்கத்தின் வாரிசுகளே.

ஆக, அச்சான இதழ்களுக்கு ஒரு சந்தை இருக்கிறது. அந்த இதழுக்காக ஓவியர் தூரிகையும் பேனாவும் கொண்டு வரைந்த மூலப் பக்கங்களுக்குத் தமிழ்ச் சூழலில் சந்தை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. இதற்கு ரசனைக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. அது தவறான விளக்கம் என்பதே இக்கட்டுரையின் வாதம். மூலப் பக்கம் அதை வரைந்தவரின் கைக்குத் திரும்பாததே அடிப்படைக் காரணம். இனி ஒரு சந்தை உருவாகுமானால், பக்கங்களை ஓவியர்களுக்கோ அவர்கள் வாரிசுகளுக்கோ திருப்பித் தருவது அதற்கு முந்திய நிபந்தனையாக இருக்க வேண்டும்.

2. அமெரிக்காவும் ஐரோப்பாவும் காட்டும் வரிசை

மூல ஓவியத்தின் விலையை முடிவு செய்யும் கூறுகள் பல: வரைந்தவர் யார், அட்டைப் படமா உள்பக்கமா, முழுப்பக்கக் காட்சியா சிறு கட்டங்களா, எந்தப் பாத்திரம், கதையின் எந்தத் தருணம், தாளின் நிலை எப்படி. 1984இல் மைக் ஸெக் வரைந்த மார்வெல் கதையொன்றின் ஒரே பக்கம், ஸ்பைடர்மேனின் கறுப்பு உடை தோன்றும் பக்கம், 2022 ஜனவரியில் ஹெரிடேஜ் ஏலத்தில் 33.6 லட்சம் டாலருக்குப் போனது. அதற்கு ஓராண்டு முன்பு பாரிஸில், டின்டின் கதை ஒன்றுக்காக எர்ஜே வரைந்து, அச்சேறாமல் விடப்பட்ட ‘நீலத் தாமரை’ அட்டை ஓவியம் சுமார் 32 லட்சம் யூரோவுக்கு விற்றது.

இந்த விலைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கப் பதிப்பகங்கள் நெடுங்காலம் மூலப் பக்கங்களைத் தம் உடைமையாகவே கருதின. அச்சு நெகட்டிவ் எடுத்தபின் பக்கத்தால் அச்சகத்துக்குப் பயனில்லை. சில கிடங்கில் கிடந்தன, சில பரிசாகக் கொடுக்கப்பட்டன, சில அழிந்தன, சில களவு போயின. 1970களில்தான் ஓவியருக்குப் பக்கத்தைத் திருப்பித் தரும் வழக்கம் அங்கே நிலைபெற்றது. பழைய பக்கங்களுக்காக ஓவியர் ஜாக் கர்பி மார்வெல் நிறுவனத்தோடு பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1987இல் அவருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 2,000 பக்கங்கள். அந்நிறுவனத்துக்கு அவர் வரைந்தவை அதைப்போலப் பல மடங்கு. திரும்பாத பக்கங்களில் ஒரு பகுதி அதற்குள் சேகரிப்பாளர்களிடையே கைமாறத் தொடங்கியிருந்தது.

பக்கம் திரும்பி வரத் தொடங்கிய பிறகு, ஓவியரே முதல் விற்பனையாளரானார். வாங்குபவருக்கு அவரிடமிருந்தே சான்று கிடைத்தது. முதிய ஓவியர்களுக்கு அது ஓய்வூதியம் போல உதவியது. திருப்புதலுக்கு முன்பே சந்தை முளைத்த இடங்களிலோ ஒவ்வொரு பக்கத்தின் மீதும் இன்றுவரை சந்தேகம் படிந்திருக்கிறது. எர்ஜேயின் அந்த அட்டையேகூடப் பதிப்பாளரின் சிறுவயது மகனுக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்ற விவரத்தோடுதான் ஏலத்துக்கு வந்தது. வல்லுநர் சிலர் அந்த விவரத்தைக் கேள்விக்கு உள்ளாக்கினர். கோடிக்கணக்கில் விலை பெறும் பொருளுக்கே கைமாறிய வரலாறு உறுதியாக இல்லையென்றால், சிறிய சந்தைகளின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

3. தமிழில் மூலம் எங்கே இருந்தது?

தமிழ்ச் சித்திரக்கதையின் மூலப் பக்கங்களைத் தேடுபவர் முதலில் எதிர்கொள்வது ஒரு வரலாற்று உண்மை. பெருவாரியான வாசகர்களை ஈர்த்த கதைகளின் மூலம் தமிழ்நாட்டுக்கு வரவே இல்லை. 1972இல் சிவகாசியில் எம். சௌந்தரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அது பிரிட்டனின் ஃப்ளீட்வே நிறுவனக் கதை. அதற்கு வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1984இல் எஸ். விஜயனின் லயன் காமிக்ஸ் மாடஸ்டி பிளைஸியோடு தொடங்கியது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. உரிமம் பெற்ற இக்கதைகளுக்குப் பதிப்பகம் பெற்றவை அச்சுக்கான படிகள். மூலத் தாள்கள் ஐரோப்பாவில் தங்கிவிட்டன. மாயாவியின் ஒரு மூலப் பக்கத்தை விரும்பும் தமிழ் வாசகர் லண்டன் அல்லது பார்சிலோனாச் சந்தையைத்தான் நாட வேண்டும்.

ஆனாலும் இங்கே மூலம் பிறந்த இடங்கள் மூன்றைச் சுட்டலாம். முதலாவது அட்டைப் படம். காலண்டர் ஓவிய மரபில் தேர்ந்த கைகள் தமிழ்ப் பதிப்புகளுக்கென வண்ண அட்டைகளை இங்கேயே வரைந்தன. இரண்டாவது, இதழ்களுக்காக நேரடியாகத் தமிழில் உருவான சிறுவர் படக்கதைகள். வாண்டுமாமாவின் எழுத்தும் ஓவியர் செல்லத்தின் கோடுகளும் இணைந்து உருவாக்கியவை இதற்கு நல்ல சான்று. மூன்றாவது சென்னை ‘சந்தமாமா’, தமிழில் ‘அம்புலிமாமா’. 1947இல் தொடங்கிய அவ்விதழுக்கு ஆயிரக்கணக்கான ஓவியங்கள் வரையப்பட்டன. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமந்து செல்லும் காட்சியைப் பல மொழி வாசகர்களின் நினைவில் பதித்தவர் கே.சி. சிவசங்கரன் என்ற சங்கர் (1924–2020). அவ்விதழின் அட்டைகளுக்குப் பாரதக் காட்சிகளை வரைந்த எம்.டி.வி. ஆச்சார்யா பின்னர் பெங்களூரில் அஞ்சல்வழி ஓவியப் பயிற்சி நடத்தியவர்.

பெங்களூருக்கு வேறொரு தொடர்பும் உண்டு. அமர் சித்திரக் கதையின் ஆங்கில வரிசை ‘கிருஷ்ணா’வோடு 11ஆம் எண்ணில் தொடங்குகிறது. முதல் பத்து எண்கள் மேலைநாட்டுத் தேவதைக் கதைகளுக்கு உரியவை. 1965இல் அவற்றைக் கன்னடத்தில் கொண்டுவரும் முயற்சி பெங்களூரில் இந்தியா புக் ஹவுஸின் ஜி.கே. அனந்தராம் வழியாகத் தொடங்கியது. இந்தியச் சித்திரக்கதையின் மிகப் பெரிய வரிசைக்கு இந்நகரமும் ஒரு தொடக்கப் புள்ளி.

இவை அனைத்திலும் ஓவியருக்குப் பக்கக் கூலியோ மாதச் சம்பளமோ கிடைத்தது. தாள் அலுவலகத்தில் தங்கியது. பல அட்டைகளில் ஓவியரின் பெயர்கூட அச்சாகவில்லை. பெயர் இல்லாத இடத்தில் சேகரிப்பாளர் எதைத் தேடுவார்? சந்தை தோன்றாததற்கான விடை இங்கேதான் இருக்கிறது.

4. சட்டம் சொல்வது

இந்தியச் சட்டம் இந்த நடைமுறையை முழுமையாக ஆதரிப்பதாகப் பலர் நம்புகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தை ஊன்றிப் படித்தால் வேறு சித்திரம் கிடைக்கிறது.

அதன் 17ஆம் பிரிவின்படி படைப்பின் முதல் உரிமையாளர் படைப்பாளரே. விதிவிலக்குகள் உண்டு. செய்தித்தாள் அல்லது இதழின் உரிமையாளரிடம் பணி ஒப்பந்தத்தின் கீழ் வேலை செய்பவர் அவ்விதழுக்காகப் படைத்தால், இதழில் வெளியிடும் உரிமை மட்டுமே முதலாளிக்குச் சேரும். மற்ற எல்லா வகையிலும் படைப்பாளரே முதல் உரிமையாளர். மற்ற வகைப் பணி ஒப்பந்தங்களில் முதலாளிக்கே முதல் உரிமை. பணம் கொடுத்து ஒருவர் வரையச் சொல்லும் வண்ண ஓவியத்துக்கும் உருவப் படத்துக்கும், வேறு உடன்பாடு இல்லாதபோது, சொன்னவரே உரிமையாளர். பேனாவால் வரைந்த சித்திரக்கதைப் பக்கம் இந்த விதிவிலக்கில் அடங்குமா என்பது வாதத்துக்கு உரியது. அங்கே குறிப்பிடப்படுபவற்றில் வண்ண ஓவியமும் உருவப் படமும் உண்டு. கோட்டோவியம் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவில்லை. எனவே சம்பளத்துக்கு இல்லாமல் பக்கக் கணக்கில் வரைந்த ஓவியர் பலர் முதல் உரிமையாளர்களாகவே இருந்திருக்க இடமுண்டு.

இத்தோடு, பதிப்புரிமை வேறு, தாளின் உடைமை வேறு. வெளியிடும் உரிமையை வாங்கியதாலேயே தாள் பதிப்பகத்துக்குச் சொந்தமாகிவிடாது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 53ஏ பிரிவு ஓவியருக்கு மேலும் ஓர் உரிமை தருகிறது. ஓவியம், சிற்பம், கோட்டோவியம் ஆகியவற்றின் மூலப்படி 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், முதல் உரிமையாளராக இருந்த படைப்பாளரோ வாரிசுகளோ அவ்விலையில் ஒரு பங்கு கோரலாம்; அப்பங்கின் உச்சவரம்பு 10 சதவீதம். கோட்டோவியம் இங்கே பெயர் சொல்லியே குறிப்பிடப்படுகிறது. ஆகவே சித்திரக்கதை ஓவியரும் இதன் வரம்புக்குள் வருகிறார். ஆனால் மறுவிற்பனை பதிவாகாமல், பக்கத்தின் கைமாற்ற வரலாறு எழுதப்படாமல் இருந்தால் இப்பிரிவு காகிதத்திலேயே நிற்கும்.

1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டமும் உதவவில்லை. அச்சட்டத்தின் கீழ் கலைப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்டவை ரவி வர்மா, ஜாமினி ராய், அம்ரிதா ஷேர்கில், தாகூர் குடும்பத்தினர் முதலிய சில ஓவியர்களின் படைப்புகள். சித்திரக்கதை ஓவியர் ஒருவரும் அதில் இல்லை.

5. கண்டோன்மென்டைச் சுற்றிய முன்மாதிரிகள்

காக்ஸ் டவுனிலிருந்து சிறு தொலைவிலேயே, ஓவியரும் அவர் தாளும் பிரியாமல் இருந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்றுகள் உண்டு. ரிச்சர்ட்ஸ் டவுன் கிளார்க் ரோட்டில் பால் ஃபெர்னாண்டஸ் நடத்திய காட்சியகத்தில் பழைய பெங்களூரின் தெருக்களையும் மனிதர்களையும் வரைந்த அவருடைய கேலிச்சித்திரங்களை மக்கள் பணம் கொடுத்து வாங்கித் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டினார்கள். எம்.ஜி. ரோட்டுக்கு அருகே, மிட்ஃபோர்டு ஹவுஸில், இந்தியக் கேலிச்சித்திரக்காரர் கழகம் 2007 முதல் ஒரு காட்சிக்கூடம் நடத்துகிறது. இந்நகரத்தில் வரைந்த மாயா காமத் (1951–2001) மறைந்தபின், அவர் குடும்பத்திடம் இருந்த ஆயிரக்கணக்கான கேலிச்சித்திரங்கள் மும்பையில் எழுத்தாளர் அம்பை நிறுவிய ஸ்பாரோ ஆவணக் காப்பகத்துக்குச் சென்றன. அவற்றிலிருந்து ஒரு நூலும் வந்தது. குடும்பத்தின் கையில் இருந்ததால்தான் அப்பெரும் தொகுப்பு ஆய்வுக்குக் கிடைத்தது.

இந்த மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: தாள் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்ய ஓவியராலோ குடும்பத்தாலோ முடிந்தது. விற்பனையும் காட்சியும் கொடையும் அதன் பின்விளைவுகள்.

6. இரு மறுப்புகள்

பக்கத்துக்குப் பணம் கொடுத்தாயிற்று, பிறகு என்ன உரிமை என்பது முதல் மறுப்பு. கொடுக்கப்பட்ட கூலி அச்சில் வெளியிடுவதற்கானது. மூலத்தாளுக்குத் தனி மதிப்பு இருப்பதாக அன்று இருவருமே கருதவில்லை. பின்னாளில் தோன்றும் மதிப்பு முழுவதும் பதிப்பகத்துக்கே சேர வேண்டும் என்பதற்கு நியாயம் இல்லை. பாதுகாத்து வைத்த பதிப்பகத்துக்குக் காப்புச் செலவை ஈடுசெய்யலாம். பக்கங்களில் ஒரு பகுதியை ஓவியரின் இசைவோடு அது வைத்துக்கொள்ளலாம்.

விலை உயர்ந்தால்தான் அக்கறை வரும், ஆகவே சந்தை முதலில் வரட்டும் என்பது இரண்டாவது. இதில் பாதி உண்மை. விலை இல்லாத பொருளைக் கரையானும் ஈரமும் தின்பதை நாம் அறிவோம். ஆனால் உரிமை தெளியாத சந்தையில் முதல் லாபம் கிடங்குச் சாவி வைத்திருப்பவருக்கும் பழைய காகிதம் எடை போடுபவருக்கும் போகும். தொகுப்புகள் தனித்தனித் தாள்களாகச் சிதறும். ஒரு கதையின் முப்பது பக்கங்கள் முப்பது வீடுகளுக்குப் போய்விட்டால், பக்க ஓரத்தில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, நீலப் பென்சில் கோடு, வெள்ளை பூசித் திருத்திய முகம், ஒட்டி மாற்றிய வசனம் ஆகியவற்றை வரிசையாக வைத்து அந்தக் கதை உருவான விதத்தை ஆராய முடியாது.

7. முடிவுரை

இன்று பெரும்பாலான சித்திரக்கதைகள் கணினித் திரையில் வரையப்படுகின்றன. இனிமேல் தாளில் மூலம் பிறப்பது அரிது, இருப்பதுதான் இருப்பு. அதனால் விலை ஏறும் என்பதை எதிர்பார்க்கலாம். பெங்களூரில் 2012 முதல் நடக்கும் காமிக் கான் விழாவில் இளைஞர்கள் ஓவியரிடமே நேரில் படம் வாங்குகிறார்கள். வாங்கும் மனம் தயாராக இருக்கிறது.

எனவே செய்ய வேண்டியவை வரிசை மாறாமல் நடக்க வேண்டும். பதிப்பகங்கள் தம்மிடம் உள்ள மூலங்களுக்குப் பட்டியல் எடுத்து, வரைந்தவரின் பெயரை உறுதி செய்ய வேண்டும். ஓவியருக்கோ வாரிசுக்கோ எழுத்து மூலம் அவற்றைத் திருப்பித் தர வேண்டும். இதழ், மாதம், பக்க எண், திருப்பித் தந்த நாள் ஆகியவை அடங்கிய சான்று ஒவ்வொரு தாளோடும் செல்ல வேண்டும். விற்பதற்கு முன் முழுத் தொகுப்பும் படமெடுக்கப்பட வேண்டும். வாரிசு கிடைக்காதவை பொது ஆவணக் காப்பகத்துக்குப் போகட்டும். விளம்பரப் பலகை ஓவியராக வாழ்க்கையைத் தொடங்கிய கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப் பொருட்கள் 1994இல் ஒரு நூலகமாயின. அதுபோன்ற நிறுவனங்கள் இப்பொறுப்பை ஏற்கும் தகுதி உடையவை. இவற்றுக்குப் பிறகு ஏலம் நடக்கட்டும், விலை ஏறட்டும், 53ஏ பிரிவின் பங்கு வாரிசுக்குச் சேரட்டும். காக்ஸ் டவுன் வாசகர் ஒருவர் அந்தச் சந்தையில் முதல் பக்கத்தை வாங்கும்போது, அவர் கொடுக்கும் பணம் அதை வரைந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த உறுதியைத் தர முடியாத சந்தை இன்னும் தொடங்கத் தகுதி பெறவில்லை.