மைசூர் யோகசாலைச் சிறுவர்களும் தொடைத் தசையும்

நிமிர்ந்து நின்று, முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட முயன்று பாருங்கள். தொடையின் பின்புறம் 'சுரீர்' என்று இழுக்கிறதல்லவா? இப்போது முழங்காலைச் சற்றே மடக்குங்கள். இழுப்புத் தளர்ந்து, கை இன்னும் கீழே இறங்கும். தொடையின் பின்புறத் தசைகள் நாம் உட்காரும்போது தரையில் அழுந்தும் இடுப்பெலும்பில் தொடங்கி, முழங்காலைக் கடந்து கீழ்க்கால் எலும்பில் முடிகின்றன. இரண்டு மூட்டுகளைக் கடக்கும் தசையாதலால், ஒரு மூட்டில் தளர்வு கொடுத்தால் மற்றதில் இடம் கிடைக்கிறது.

இந்தத் தசையோடு மல்லுக்கு நின்ற சிறுவர்கள் சிலரைப் பார்ப்போம். 1933-ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில், ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை ஒன்றை நடத்தத் தொடங்கினார் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். அரச குலத்துப் பிள்ளைகள் அங்கே பயின்றனர். மூச்சோடு இணைத்து, ஓர் ஆசனத்திலிருந்து அடுத்ததற்குத் துள்ளிச் செல்லும் சுறுசுறுப்பான பயிற்சி அது. அவர் 1934-இல் கன்னடத்தில் எழுதிய 'யோக மகரந்தம்' பின்னர்த் தமிழிலும் வெளிவந்தது.

அதே 1934-இல் அவருடைய மைத்துனர், பதினாறு வயதுகூட நிரம்பாத நோஞ்சான் சிறுவர் ஒருவர், அங்கே வந்து சேர்ந்தார். மலேரியாவும் டைபாய்டும் காசநோயும் அவரை முன்பே உருக்கியிருந்தன. அவர்தாம் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற பி. கே. எஸ். ஐயங்கார். ஒரு நாள் பலர் முன்னிலையில், முன்பின் பழகாத ஹனுமானாசனத்தைச் செய்து காட்டும்படி குரு பணித்தாராம். ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டித் தரையோடு தரையாக அமர வேண்டும். சிறுவர் அமர்ந்துவிட்டார், ஆனால் தொடைத் தசை கிழிந்தது. அது ஆற ஆண்டுகள் சில ஆயின என்று அவரே பின்னாளில் கூறியிருக்கிறார்.

வளரும் பருவத்தில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. அத்தசை தொடங்கும் இடத்தில் எலும்பின் நுனி உடனே இறுகிவிடுவதில்லை. இருபது வயதை ஒட்டியோ அதற்குப் பின்போ முழுதும் ஒட்டும்வரை, நடுவே குருத்தெலும்பு இருக்கிறது. தசையையும் தசைநாணையும்விட அது வலுக்குறைந்தது. திடீரென வெட்டி இழுத்தால், தசை கிழியாமல் எலும்புத் துண்டே பெயர்ந்து வந்துவிடக்கூடும். ஓட்டப்பந்தயத்திலும் கால்பந்திலும் இளம் பையன்களுக்கு நேரும் காயங்களுள் இதுவும் ஒன்று.

அப்படியானால் பொறுமையான பயிற்சி தசையை நீளமாக்குகிறதா? 1996-இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில் வளர்ந்தவர்கள் மூன்று வாரம் தொடையை நீட்டிப் பழகினர். அவர்களின் கால் முன்னைவிட அதிகமாக நீண்டது. ஆனால் ஒரே கோணத்தில் அளந்தபோது தசையின் எதிர்விசை மாறவில்லை! மாறியது, இழுப்பைப் பொறுத்துக்கொள்ளும் அளவே. நரம்புகள் சற்றுத் தாமதமாக 'போதும்' என்கின்றன, அவ்வளவுதான். சில வாரப் பயிற்சியில் 'உடல் ரப்பராகிவிட்டது' என்று மகிழும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1937-இல் புனே சென்று கற்பிக்கத் தொடங்கிய ஐயங்கார், நாளடைவில் மரக்கட்டை, பட்டை, கயிறு ஆகியவற்றை ஆசனப் பயிற்சிக்குள் கொண்டுவந்தார். குனிபவரின் கைக்குக் கீழே ஒரு கட்டையை வைத்தால், மேலுடலின் எடையில் ஒரு பகுதியைக் கட்டை ஏற்றுக்கொள்கிறது. தொடைத் தசைமீது விழும் இழுவிசை அந்த அளவுக்குக் குறைகிறது.