கல்லறையைக் காத்த ஊரும் எழுதப்படாத ஏடுகளும்

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் ஃபிரிம்லி என்றோர் ஊர் உள்ளது. அங்குள்ள தூய பேதுரு தேவாலய வளாகத்தில், 1911 மார்ச் 9 அன்று மறைந்த கர்னல் ஜான் பென்னிகுவிக் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். கம்பம் பள்ளத்தாக்கிற்கு முல்லைப் பெரியாற்று நீரைக் கொண்டுவந்த பொறியாளரின் அந்தக் கல்லறை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அதைத் தேடிக் கண்டறிந்து, தேவாலயத்தாரோடு பேசி, அது காக்கப்பட முன்னின்றவர், உத்தமபாளையத்தில் பிறந்து லண்டனுக்குச் சென்ற ஒரு முஸ்லிம் இளைஞர். பின்னர் தமிழ்நாடு அரசு பென்னிகுவிக்கின் சிலையை 2022 செப்டம்பரில் கேம்பர்லியில் நிறுவியதற்கும் லண்டன்வாழ் தமிழர்களின் இத்தகைய முயற்சிகளே தூண்டுகோலாயின. நம் சமுதாயத்தில் இச்செய்தி போதுமான அளவு பேசப்படவில்லை என்பது நமது எண்ணம்.

ஓர் ஊரின் வரலாற்றைக் காக்கும் பணி இப்படித்தான் பெரும்பாலும் தொடங்குகிறது. பேராசிரியர்களும் தொல்லியல் துறையும் வருமுன்பே, அந்த மண்ணின் நீரைக் குடித்த ஒருவர் அக்கறையோடு தேடப் புறப்படுகிறார்.

அந்த நீரின் வரலாற்றை நம் பிள்ளைகள் முழுமையாக அறிந்திருப்பது நல்லது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்து அரபிக்கடலை நோக்கி ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் ஆங்கிலேயருடையது மட்டுமன்று. 1789ஆம் ஆண்டிலேயே இராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆட்களை அனுப்பி இதற்கான இடத்தை ஆராயச் செய்தார். பொருள் வசதியின்றி அத்திட்டம் நின்றுபோயிற்று. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சத்திற்குப் பிறகே பிரிட்டிஷ் அரசு இதில் முனைப்புக் காட்டியது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 8,000 ஏக்கர் நிலத்திற்கு ஏக்கருக்கு 5 ரூபாய் ஆண்டுக் குத்தகை. 1887இல் தொடங்கிய பணி, வெள்ளத்திலும் காட்டுக் காய்ச்சலிலும் பலமுறை சிதைந்து, 1895 அக்டோபரில் நிறைவெய்தியது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டப்பட்ட அந்த அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கவழி நீர் இறங்கி, லோயர்கேம்ப், கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி எனப் பாய்ந்து வைகையில் கலக்கிறது. லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் இந்த ஆற்றையும் அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களையும் நம்பியிருக்கிறது. பருவம் பொய்க்காத ஆண்டுகளில் ஜூன் முதல் நாளில் முதல்போகத்திற்கு நீர் திறக்கப்படுவது இங்கே ஒரு பெருநாளைப் போன்றது.

அணை கட்டும்போது நோயால் மட்டும் 483 பேர் இறந்ததாகக் கணக்கு உண்டு. அவர்களில் பொறியாளரின் பெயர் மணிமண்டபத்திலும் பேருந்து நிலையத்திலும் இருப்பதுபோல் நினைவில் நிற்கும் கூலித்தொழிலாளி ஒருவரேனும் உண்டா? மண் சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள் ஆகியோரின் பெயர்களைத் தேடும் பணி உள்ளூர்க்காரர்களுக்கே உரியது. வெளியூர் ஆய்வாளர்களுக்கு அந்தக் குடும்பங்களின் வாசல் தெரியாது.

பென்னிகுவிக் மீது இப்பள்ளத்தாக்கு மக்கள் கொண்டுள்ள அன்பு உண்மையானது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டி போன்ற ஊர்களில் பொங்கலிடுகிறார்கள். நம்மவர்க்குப் படையல் இல்லை. ஆனால் மனிதர்க்கு நன்றி பாராட்டாதிருப்பதை நபி (ஸல்) அவர்கள் கடிந்துரைத்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். நன்றியைச் செம்மையாகச் செலுத்தும் வழிகளுள் ஒன்று, நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது. அன்பு மிகும்போது கதையும் வளரும். அவர் தம் சொத்துகளை விற்று அணையைக் கட்டினார் என்று இங்கே வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அணையோ சென்னை மாகாண அரசின் திட்டம். அரசுப் பணத்தில் நடந்த பொதுப்பணி. கதையைச் சொல்பவர்களைக் குறைகூற வேண்டியதில்லை. கதையையும் ஆவணத்தையும் தனித்தனியே வைக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இருக்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

அது ஏன் முக்கியம் என்பதை 2021ஆம் ஆண்டு காட்டியது. மதுரையில் கலைஞர் நினைவு நூலகத்திற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடத்திலிருந்த பொதுப்பணித்துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த இல்லம் என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்தக் கட்டடம் 1912-13இல் கட்டப்பட்டது என்றும், பென்னிகுவிக் 1911இலேயே மறைந்துவிட்டார் என்றும் துறையின் பழைய பதிவேடுகளைக் கொண்டு அரசு விளக்கியது. அந்தப் பதிவேடுகள் கரையானுக்கு இரையாகியிருந்தால் சர்ச்சை இன்றும் நீடித்திருக்கும்.

இப்பள்ளத்தாக்கின் வரலாறு அணையோடு தொடங்கவில்லை. ஆண்டிபட்டி வட்டத்தின் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் தமிழ் பிராமி எழுத்தில் உள்ளவை. அவற்றுள் ஒன்று கூடலூர் ஆகோள் பூசலைச் சொல்கிறது. உத்தமபாளையத்தின் பாறையொன்றில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் உள்ளன. சின்னமனூர் பாண்டியர் செப்பேடுகளால் தமிழ் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். மதுரையின் பாண்டியநாட்டு வரலாற்று ஆய்வு மையம் போன்ற அமைப்புகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், விடுமுறை நாளில் வயல்வெளியில் கல் தேடி அலையும் இளைஞர்களும் தென்மாவட்டங்களில் செய்துவரும் பணியால் இத்தகைய சின்னங்கள் ஒவ்வொன்றாக வெளிச்சத்திற்கு வருகின்றன.

நமக்குரியவை என்னவாயின?

உத்தமபாளையம், கம்பம், பெரியகுளம், போடி, தேவாரம், சின்னமனூர் எனப் பரவியுள்ள இராவுத்தர் குடும்பங்கள் பல தலைமுறைகளாக இம்மண்ணில் உழவும் வணிகமும் செய்து வருபவை. குமுளி மலைப்பாதையின் ஏலக்காயும் மிளகும் நம் முன்னோர் பலரின் கைகளைக் கடந்தே சமவெளிக்கு இறங்கின. 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி தொடங்கப்பட்டபோது, சுற்றுவட்டாரக் கிராமங்களின் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் உயர்கல்வி வீட்டருகே வந்தது. கல்லூரியின் வரலாறு ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் வாய்க்கால் கரையில் நன்செய் வாங்கி, அதன் விளைச்சலில் ஒரு பங்கைப் பள்ளிவாசல் விளக்குக்கும் நோன்புக் கஞ்சிக்கும் எழுதிவைத்த எளிய மனிதர்களின் வரலாறு எங்கே இருக்கிறது? அது முத்தவல்லிகளின் வீட்டு மரப்பெட்டிகளில், மடித்த இடத்தில் கிழிந்த பத்திரங்களாக இருக்கிறது, அல்லது இல்லாமற்போயிற்று.

பழைய பள்ளிவாசலை இடித்துப் புதியதைக் கட்டுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மக்கள் பெருகும்போது அது தேவையும்கூட. ஆனால் இடிக்குமுன் தூண்களையும் ஹவுளையும் ஒரு படமேனும் எடுத்து வைத்தோமா? நிலைக்கதவின் மேலிருந்த ஹிஜ்ரி ஆண்டைக் குறித்துக்கொண்டோமா? மையவாடியைச் சமப்படுத்தும்போது சாய்ந்த மீஸான் கற்களின் பெயர்களைப் படித்தோமா? கபுறுகளை அலங்கரிக்கச் சொல்லவில்லை. பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்கிறோம். திருமணப் பதிவுகளைக் கொண்ட ஜமாஅத் தஃப்தர்கள் ஓர் ஊரின் மிகச் சிறந்த வரலாற்று ஆவணங்கள். யார் எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார், மஹர் எவ்வளவு, சாட்சி யார் என்பதெல்லாம் அதில் உண்டு. அரபுத்தமிழில் எழுதப்பட்ட பாட்டிமார்களின் ஏடுகளை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதையும் சாட்சி வைப்பதையும் பற்றியது. மதீனாவின் ரூமா கிணற்றை விலைகொடுத்து வாங்கிப் பொதுவாக்கிய உஸ்மான் (ரலி) அவர்களையும், மக்காவிற்கு நீர் கொண்டுவந்த ஹாரூன் அர்ரஷீதின் மனைவி ஸுபைதா அவர்களையும் நாம் இன்றும் பெயர்சொல்லி நினைக்க முடிவது, அவை எழுதப்பட்டதால்தான். இதே வைகையின் வடகரையில், மதுரைக் கோரிப்பாளையம் தர்காவிற்குப் பாண்டியன் வழங்கிய ஊர்கள் குறித்து எழுந்த தகராறில், வீரப்ப நாயக்கர் 1573இல் பழைய கொடையை உறுதிசெய்ததைத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. ஆவணம் பேசிய இடத்தில் வாள் தேவைப்படவில்லை.

இன்றைய நிலை இன்னும் கடுமையானது. 2025ஆம் ஆண்டின் வக்ஃப் திருத்தச் சட்டத்திற்குப் பிறகு, ஜூனில் தொடங்கப்பட்ட உமீத் இணையதளத்தில் ஒவ்வொரு வக்ஃப் சொத்தின் விவரத்தையும் ஏற்றுமாறு கேட்கப்பட்டது. நீண்டகாலப் பயன்பாட்டை மட்டும் காட்டி இனிப் புதிதாக வக்ஃப் என்று கோர முடியாது. தாத்தாவின் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருந்த ஜமாஅத்துக்கு இது எழுத்தர் வேலை. வைக்காத ஜமாஅத்துக்கு இது உறக்கத்தைக் கெடுக்கும் வேலை.

ஊருக்கொரு வரலாற்றுக் கழகம் என்றால் பெரிய கட்டடமும் தலைவர் பதவியும் நினைவுக்கு வருகின்றன. பதவி வந்தால் சண்டையும் கூடவே வரும். அதனால் பதவியின்றியே தொடங்கலாம். அஸருக்குப் பின் கூடும் நான்கைந்து பேர், நல்ல கைப்பேசி ஒன்று, ஒரு தடித்த பேரேடு ஆகியவை போதும். பத்திரங்களையும் தஃப்தர்களையும் படமெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, பிரதியை மூன்று இடங்களில் வைக்க வேண்டும். எண்பதைக் கடந்த பெரியவர்களிடம், எந்த மடையிலிருந்து யார் வயலுக்கு எத்தனை நாழிகை நீர் பாய்ந்தது, மடைக்காரருக்கு அறுவடையில் எவ்வளவு நெல் அளந்தார்கள், வெள்ளம் வந்த ஆண்டில் பள்ளிவாசலில் தங்கியவர்கள் யார் யார் என்று கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அந்த மடைக்காரர் பெரும்பாலும் வேற்றுச் சமூகத்தவராக இருப்பார். அவருடைய பேரனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டால் கணக்கு நேராகும். பெண்களிடம் பெண்கள்தாம் கேட்க வேண்டும். குடும்பங்களின் இடப்பெயர்வும் பழைய வைத்தியமும் தாலாட்டும் அவர்கள் நினைவிலேயே அதிகம் தங்கியிருக்கின்றன.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு மையவாடியையே சுட்டுவோம். பத்திரம் பெட்டிக்குள் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும். மழை படும் மீஸான் கல்லில் எழுத்து ஒவ்வொரு பருவத்திலும் மங்குகிறது. காலைச் சாய்வெயிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மங்கிய எழுத்தும் தெரியும்.