சென்னையின் பெயரில் ஒரு சிம்பொனி

மேனாட்டுச் சங்கீதப் படைப்பொன்றுக்குச் சென்னை நகரின் பெயர் வாய்த்திருக்கிறது என்றால் நம்மில் பலர் நம்பத் தயங்குவோம். ஹென்றி கௌவெல் என்னும் அமெரிக்கர் எழுதி முடித்த 20 சிம்பொனிகளுள் பதின்மூன்றாவதன் பெயர் ‘மெட்ராஸ்’. 1959ஆம் ஆண்டு அது முதன்முதலாக அரங்கேறியதும் சென்னையிலேதான். ஆனால் அவர் சென்னைக்கு வந்து சேர்ந்த வழி மிக நீண்டது. ஒரு சிறைச்சாலையின் ஊடாகவும் அது சென்றது.

கௌவெல் 1897இல் கலிபோர்னியாவில் பிறந்தார். தாய் தந்தையர் பிரிந்துவிட்டனர், வீட்டில் வறுமை, பள்ளிப் படிப்போ மிகச் சொற்பம். ஆயினும் அவர் செவிக்குப் பஞ்சமில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரில் சீனரும் ஜப்பானியரும் வாழ்ந்த பகுதிகளின் பாட்டு, ஐரிஷ்காரரான தந்தை வழியே வந்த நாட்டுப்பாடல்கள், எல்லாம் அச்சிறுவனின் காதில் ஒன்றாகவே விழுந்தன. இது நம் சங்கீதம், அது அந்நியர் சங்கீதம் என்று பிரிக்க அவருக்கு எவரும் கற்பிக்கவில்லை. கற்பிக்காததே நன்மையாயிற்று என்போம்.

இளமையிலேயே அவர் பியானோவின் கட்டைகளை விரலால் மட்டுமன்றி உள்ளங்கையாலும் முன்னங்கையாலும் அழுத்தி, அடுத்தடுத்த சுரங்களைக் கொத்தாக ஒலிக்கச் செய்தார். வாத்தியத்தின் மூடியைத் திறந்து தந்திகளை நேரே தடவியும் வாசித்தார். 1923இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அவர் வாசித்தபோது சபையோரிடையே கைகலப்பே மூண்டு, போலீசார் வரவேண்டியதாயிற்று. கலகத்தினிடையேயும் அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. ஹங்கேரி நாட்டு மேதை பேலா பார்டோக்கோ, அந்தச் சுரக்கொத்து முறையைத் தாமும் கையாளலாமா என்று அனுமதி வேண்டினார்!

லயத்திலும் அவர் நாட்டம் அத்தகையதே. ஒரே கால அளவுக்குள் மூன்றும் ஐந்தும் ஏழுமாக ஒருங்கே ஒலிக்கும் தாளங்களை அவர் நாடினார். திசிரம், கண்டம், மிசிரம் என்று நடைகளை வகுத்துப் பழகிய நமக்கு அந்த ஆசை விளங்காமற் போகாது. மனிதக் கைக்கு அரிய அத்தாளங்களுக்கென ‘ரிதமிக்கான்’ என்னும் மின் கருவியை, தெரமின் என்னும் ரஷ்யரைக்கொண்டு 1931இல் செய்வித்தார். பெர்லினில் அவர் பிற நாட்டு இசைகளைப் பயின்றதும் அக்காலத்திலேதான். அங்கே அவருக்கு நம் இசையைக் கற்பித்தவர் சென்னைப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி.

1936இல் வாழ்வு குலைந்தது. ஒழுக்கக் குற்றச்சாட்டொன்றின் பேரில் அவருக்குப் பதினைந்தாண்டு வரை நீளக்கூடிய தண்டனை விதிக்கப்பட்டது. சான் குவென்டின் சிறையில் அவர் ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் கழித்தார். பிறருடைய படைப்புகளை அச்சேற்றவே 1927இல் ஒரு பத்திரிகை தொடங்கியவர் அவர். உலகம் அறியாதிருந்த சார்ல்ஸ் ஐவ்ஸின் இசையை அதில் வெளியிட்டவரும் அவரே. அந்த ஐவ்ஸ் இப்போது தொடர்பை அறுத்துக்கொண்டார். கௌவெலோ சிறையினுள் கைதிகளுக்குச் சங்கீதம் கற்பித்தார், அவர்களுடைய வாத்தியக் குழுவை நடத்தினார், தாமும் எழுதிக்கொண்டேயிருந்தார். 1940இல் வெளிவந்தார், 1942இல் மாநில ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். ஐவ்ஸின் நட்பும் மீண்டது. பின்னர் கௌவெலும் அவர் மனைவி சிட்னியும் ஐவ்ஸைப் பற்றிய நூலொன்றைச் சேர்ந்து எழுதி 1955இல் வெளியிட்டனர். மனத்தில் கசப்பை வைத்திருந்தவர் அந்நூலை எழுதியிருக்க முடியாது.

1956-57இல் உலகப் பயணம் செய்தபோது கௌவெல் தம்பதியர் சென்னையில் தங்கினர். அதன் விளைவே அந்தச் சிம்பொனி. நியூயார்க்கிலிருந்து வந்த லிட்டில் ஆர்கெஸ்ட்ரா குழு அதனை இங்கே வாசித்தது. ராக ஆலாபனையை எதிர்பார்த்து அதைக் கேட்போர் ஏமாறுவர். நம் சங்கீதத்தை அப்படியே நகல் செய்ய அவர் முற்படவில்லை. மேனாட்டு வாத்தியங்களோடு ஜலதரங்கத்தையும் தபேலாவையும் சேர்த்தார். சென்னையின் பெயரைத் தாங்கிய படைப்பில் மிருதங்கம் இருக்க வேண்டிய இடத்தில் தபேலாவா என்று நமக்குச் சிறு மனத்தாங்கல் எழுவது இயல்பே. ஆயினும் பீங்கான் கிண்ணங்களில் நீரளந்து சுரம் கூட்டும் ஜலதரங்கத்துக்கு, மேனாட்டுச் சிம்பொனியின் நடுவே அவர் ஓர் ஆசனம் இட்டுக் கொடுத்திருக்கிறார்.